வாசல் தேடி வந்த இரண்டணா

1928ஆம் ஆண்டு. அரபிக்கடலை ஒட்டிய உடுப்பி நகரில் ஒரு புதிய வழக்கம் தொடங்கியது. அவ்வூரில் இயங்கிய சிறிய வங்கி ஒன்றின் முகவர்கள், நாள்தோறும் வீடு வீடாகவும் கடை கடையாகவும் சென்றார்கள். இரண்டணா கொடுத்தாலும் முகம் சுளிக்காமல் பெற்றுக்கொண்டு கணக்கில் வரவு வைத்தார்கள். மறுநாளும் வந்தார்கள், அதற்கு மறுநாளும் வந்தார்கள். 'பிக்மி' வைப்புத் திட்டம் என்று அதற்குப் பெயர். மிகச் சிறியது என்ற பொருளில் வைக்கப்பட்ட அப்பெயர், இந்திய வங்கி வரலாற்றில் நிலைத்துவிட்டது.

அந்த வங்கியும் சிறியதாகவே பிறந்தது. கைத்தறி நெசவு நலிவுற்றிருந்த காலத்தில், நெசவாளர்களுக்குக் கைகொடுக்க எண்ணி, வணிகர் உபேந்திர அனந்த பை, பொறியாளர் வாமன் குட்வா, மருத்துவர் டி.எம்.ஏ. பை ஆகிய மூவர் 1925இல் அதைத் தொடங்கினார்கள். தொடக்க மூலதனம் 8,000 ரூபாய். பின்னாளில் சிண்டிகேட் வங்கி என்று பெயர் பெற்று, 1969இல் நாட்டுடைமையாகி, 2020 ஏப்ரல் முதல் நாளில் கனரா வங்கியுடன் அது இணைந்தது.

இரண்டணா என்பது எவ்வளவு? பதினாறு அணா சேர்ந்தது ஒரு ரூபாய். ஆகவே நாளொன்றுக்கு இரண்டணா வீதம் ஓராண்டு முழுவதும் செலுத்தியவரின் கணக்கில் 45 ரூபாய் 10 அணா சேர்ந்திருக்கும். வட்டி தனி. கையில் ஒரு ரூபாய் மொத்தமாகத் தங்குவதே அரிதாயிருந்த குடும்பத்துக்கு அது சிறு தொகையன்று.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. நாள்தோறும் இரண்டணா எடுத்து வைக்க இயலும் ஒருவர், அதை வீட்டிலேயே ஒரு பானையில் போட்டு வைத்து, மாதக் கடைசியில் தாமே வங்கிக்குக் கொண்டுசென்று செலுத்தியிருக்கலாமே? முகவர் எதற்கு? வாசலில் வந்து நிற்பது எதற்கு?

விடை நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பானையில் போட்ட காசு மாதக் கடைசி வரை பானையில் இருப்பதில்லை. சேமிக்க வேண்டும் என்ற எண்ணம் இல்லாததால் அன்று. எண்ணம் இருந்தும், அதைக் காப்பாற்ற ஓர் ஏற்பாடு இல்லாததால். தன்னடக்கத்தையும் ஊக்கத்தையும் பற்றி எத்தனையோ அறிவுரைகளை நாம் கேட்டிருக்கிறோம். அவற்றுள் பலவும் மறந்துவிடும் உண்மை, உடுப்பியின் அந்த வாசற்படியில் இருக்கிறது.

மன உறுதி எங்கே தோற்கிறது?

தன்னடக்கம் என்றவுடன் நம் கண்முன் தோன்றுவது ஒரு போராட்டம். தட்டில் இனிப்பு இருக்கிறது, மருத்துவர் கூடாது என்றிருக்கிறார், கை நீள்கிறது, மனம் தடுக்கிறது. தடுத்து வென்றவரை மன உறுதி உடையவர் என்கிறோம். தோற்றவர் தம்மையே நொந்துகொள்கிறார்.

ஆனால் மன உறுதி உடையவர்கள் உண்மையிலேயே இப்படித்தான் நாள்தோறும் போராடி வெல்கிறார்களா? ஜெர்மனியில் 205 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2012இல் வெளியான ஆய்வு ஒன்று இதனை ஆராய்ந்தது. பங்கேற்றவர்களிடம் ஒரு சிறு கருவி கொடுக்கப்பட்டது. நாளில் பலமுறை அது ஒலிக்கும். ஒலிக்கும்போது, தமக்கு அப்பொழுது என்ன ஆசை எழுந்தது, அதை அடக்க முயன்றோமா என்பதை அவர்கள் பதிவு செய்ய வேண்டும். தன்னடக்கம் மிகுந்தவர்களே மிகுதியாகப் போராடியிருப்பார்கள் என்று நாம் எதிர்பார்ப்போம். முடிவு வேறாக இருந்தது. அத்தகையோர் ஆசையோடு போராட நேர்ந்த தருணங்களே குறைவு என்று தெரியவந்தது.

சோதனை தங்களை வந்து எட்டாதவாறு அவர்களின் அன்றாடம் அமைந்திருக்கிறது என்பதே இதற்குத் தரப்படும் விளக்கம். இனிப்புக் கடை இல்லாத தெரு வழியே நடப்பவர், கடை வாசலில் மனத்தோடு வாதாட வேண்டியதில்லை. படுக்கையறைக்கு வெளியே கைப்பேசியை வைத்துவிட்டுத் தூங்கச் செல்பவர், நள்ளிரவில் தம்மை அடக்க வேண்டியதில்லை. பார்ப்பவர்க்கு அது மன உறுதியாகத் தோன்றுகிறது. அவர்க்கோ அது ஒரு பழக்கம்.

பணத்தில் இது இன்னும் தெளிவாகப் புலப்படும். பத்தாண்டுக்குப் பின் வரும் பயனைவிட இன்று கைக்கெட்டும் பொருள் மனத்துக்குப் பெரிதாகத் தெரிகிறது. தொலைவில் உள்ள மலை சிறியதாகவும் அருகில் உள்ள மரம் பெரியதாகவும் தெரிவதைப் போன்றது இது. எல்லார் கண்ணுக்கும் அப்படித்தான் தெரியும். கண்ணின் இயல்பை மாற்ற இயலாது. நாம் எங்கே நின்று பார்க்கிறோம் என்பதை மாற்றிக்கொள்ளலாம்.

காத்திருந்த குழந்தைகள்

தன்னடக்கத்தைப் பற்றிப் பேசுவோர் தவறாமல் சொல்லும் கதை ஒன்று உண்டு. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில், 1960களின் பிற்பகுதியில், உளவியலாளர் வால்டர் மிஷெல் மழலையர் பள்ளிக் குழந்தைகளுக்கு ஒரு தின்பண்டத்தைக் காட்டினார். இப்பொழுதே எடுத்துக்கொண்டால் ஒன்று. நான் திரும்பி வரும்வரை காத்திருந்தால் இரண்டு. சில குழந்தைகள் உடனே எடுத்துக்கொண்டன. சில காத்திருந்தன. காத்திருந்த குழந்தைகள் பிற்காலத்தில் படிப்பில் சிறந்தன என்று பின்னர் வெளிவந்த செய்தி உலகெங்கும் பரவியது.

அக்கதையில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் பகுதிகள் இரண்டு. முதலாவது, காத்திருந்த குழந்தைகள் தின்பண்டத்தை உற்றுப் பார்த்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டன, பாட்டுப் பாடின, திரும்பி உட்கார்ந்தன. ஆசையை எதிர்த்து நிற்காமல் அதன் பார்வையிலிருந்து விலகிக்கொண்டன.

இரண்டாவது பகுதி இன்னும் முதன்மையானது. பல ஆண்டுகள் கழித்து, ராசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் 28 குழந்தைகளிடம் இதே சோதனை வேறு விதமாக நடத்தப்பட்டது. பாதிக் குழந்தைகளிடம் முதலில், நல்ல வண்ணக்குச்சிகள் கொண்டுவந்து தருகிறேன் என்று சொல்லிவிட்டு, இல்லை என்று வெறுங்கையோடு திரும்பினார்கள். மற்றப் பாதிக் குழந்தைகளுக்குச் சொன்னபடியே கொண்டுவந்து கொடுத்தார்கள். அதன் பிறகே தின்பண்டச் சோதனை. ஏமாந்த குழந்தைகள் சராசரியாக ஏறக்குறைய 3 நிமிடம் காத்திருந்தன. சொல் காப்பாற்றப்பட்ட குழந்தைகளோ ஏறக்குறைய 12 நிமிடம் காத்திருந்தன.

இதைவிடப் பெரிய எண்ணிக்கையிலான குழந்தைகளைக் கொண்டு 2018இல் வெளிவந்த ஆய்வும், குடும்பச் சூழலைக் கணக்கில் சேர்த்துப் பார்த்தபோது, காத்திருத்தலுக்கும் பிற்கால வெற்றிக்கும் உள்ள தொடர்பு வெகுவாகக் குறைந்துவிடுகிறது என்று காட்டியது. நாளை என்ன கிடைக்கும் என்ற உறுதியில்லாத வீட்டில், இன்று கிடைப்பதை எடுத்துக்கொள்வது அறியாமையன்று, அதுவே அறிவுடைமை.

ஆகவே காத்திருக்கும் ஆற்றல் நம்பிக்கையிலிருந்தே பிறக்கிறது. பிறர் சொல்லை நம்புவதோடு, நாம் நமக்குச் சொல்லிக்கொள்ளும் சொல்லையும் நம்ப வேண்டும். புத்தாண்டு தோறும் பெரிய உறுதிமொழி எடுத்துப் பிப்ரவரியில் கைவிடுபவர், வண்ணக்குச்சிகள் தருவதாகச் சொல்லி வெறுங்கையோடு திரும்பியவரைப் போலவே தம்மிடம் தாம் நடந்துகொள்கிறார். அடுத்த ஆண்டு அவருடைய சொல்லை அவருடைய மனமே நம்புவதில்லை. உடுப்பியின் முகவர் நேற்றும் வந்தார், இன்றும் வந்தார் என்பதில்தான் அத்திட்டத்தின் வலிமை இருந்தது. சிறிய சொல், ஆனால் நாள்தோறும் காப்பாற்றப்பட்ட சொல்.

சாவியை ஒப்படைத்தவர்கள்

பிலிப்பைன்ஸ் நாட்டின் மிண்டனாவோ தீவில் ஒரு கிராமப்புற வங்கி, பொருளியல் அறிஞர்களுடன் சேர்ந்து 2003இல் ஒரு புதிய சேமிப்புக் கணக்கை அறிமுகம் செய்தது. வட்டி வழக்கமான அளவே. வேறுபாடு ஒன்றுதான்: வாடிக்கையாளர் தாமே குறித்த ஒரு நாள் வரும்வரை, அல்லது தாமே குறித்த ஒரு தொகை சேரும்வரை, பணத்தை எடுக்க இயலாது. விரும்பியவர்களுக்கு ஒரு பூட்டிய உண்டியலும் சிறு விலைக்குத் தரப்பட்டது. சாவி வங்கியிடம் இருந்தது.

கூடுதல் வட்டி எதுவும் இல்லாமல், தம் பணத்துக்குத் தாமே பூட்டுப் போட்டுக்கொள்ள யார் வருவார்கள்? திட்டம் எடுத்துச் சொல்லப்பட்டவர்களுள் நான்கில் ஒருவருக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, இத்திட்டம் அளிக்கப்பட்ட குழுவினரின் சேமிப்பு வளர்ச்சி, அளிக்கப்படாதவர்களைக் காட்டிலும் 81 விழுக்காட்டுப் புள்ளிகள் கூடுதலாக இருந்தது. தம் மனத்தின் இயல்பை அறிந்தவர்கள், மனம் தெளிவாக இருந்த வேளையில் சாவியை ஒப்படைத்துவிட்டார்கள்.

நம் நாட்டில் இத்தகைய பூட்டுகள் புதியவை அல்ல. 1968இல் தொடங்கப்பட்ட பொது வருங்கால வைப்பு நிதி 15 ஆண்டுக் காலம் உடையது. ஏழாம் நிதியாண்டிலிருந்துதான் அதில் ஒரு பகுதியை எடுக்கலாம். தொடர் வைப்பு முதிர்வுக்கு முன் முடிக்கப்பட்டால் வட்டி குறைகிறது. இவற்றைத் தொல்லையாகக் கருதுவோர் உண்டு. உண்மையில் அவை, இன்றைய நம்மிடமிருந்து நாளைய நம்மைக் காக்கும் வேலிகள்.

சாவியை ஒப்படைக்க இன்னொரு வழியும் உண்டு. அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ரிச்சர்டு தேலர், 2017இல் நோபெல் பரிசு பெற்றவர். அவரும் ஷ்லோமோ பெனார்ட்சியும் வகுத்த திட்டம் ஒன்றில், ஊழியர்கள் இன்று எதையும் இழக்க வேண்டியதில்லை. இனி வரப்போகும் ஒவ்வொரு சம்பள உயர்விலும் ஒரு பகுதி சேமிப்புக்குச் செல்லட்டும் என்று முன்கூட்டியே ஒப்புதல் தந்தால் போதும். முதன்முதலில் இதைச் செயற்படுத்திய நிறுவனத்தில், திட்டத்தில் சேர்ந்தவர்களின் சேமிப்பு விகிதம் 40 மாதங்களில் 3.5 விழுக்காட்டிலிருந்து 13.6 விழுக்காடாக உயர்ந்தது. கைக்கு வந்ததை விட்டுக்கொடுப்பது கடினம். கைக்கு வராததை ஒதுக்கி வைப்பது எளிது.

ஏழாம் மாதத்தின் களைப்பு

தொடங்குவதற்கு உற்சாகம் போதும். தொடர்வதற்கு வேறொன்று வேண்டும். திருக்குறள் அடக்கமுடைமையை அறத்துப்பாலிலும் ஊக்கமுடைமையைப் பொருட்பாலிலும் தனித்தனி அதிகாரமாக வைத்திருப்பது எண்ணத்தக்கது. ஒன்றைச் செய்யாமல் இருக்கும் ஆற்றலும் ஒன்றைத் தொடர்ந்து செய்யும் ஆற்றலும் வேறு வேறானவை.

மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கென்று மாதம் 3,000 ரூபாயில் ஐந்தாண்டுத் தொடர் வைப்புத் தொடங்கும் ஒரு தாயை எண்ணிப் பார்ப்போம். முதிர்வின்போது அசல் மட்டுமே 1,80,000 ரூபாய். ஏழாம் மாதத்தில், கணக்கில் 21,000 ரூபாய் இருக்கையில், பண்டிகைக் காலத் தள்ளுபடியில் ஒரு பெரிய தொலைக்காட்சிப் பெட்டி கண்ணில் படுகிறது. வைப்பை முடித்துவிட்டு, அடுத்த மாதம் புதிதாகத் தொடங்கிக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. அந்த அடுத்த மாதம் பெரும்பாலும் வருவதில்லை. இழப்பு 21,000 ரூபாயோடு நின்றுவிடவில்லை. ஐந்தாண்டுப் பயணம் ஏழாம் மாதத்திலேயே நின்றுவிட்டது.

அந்தக் களைப்பைக் கடக்க மூன்று செய்திகள் உதவும். முதலாவது, பழக்கம் வேரூன்றக் காலம் வேண்டும். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரிடம் நடத்தப்பட்டு 2010இல் வெளியான ஆய்வில், ஒரு புதிய செயல் தானாக நிகழும் பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாட்கள் ஆயின. சிலருக்கு 18 நாட்களே போதுமானதாயிருந்தது. சிலருக்கு 254 நாட்கள் வரை தேவைப்படும் என்று கணக்கிடப்பட்டது. ஆகவே ஒரு மாதத்தில் பழகவில்லையே என்று மனம் தளர வேண்டியதில்லை.

இரண்டாவது, ஒரு நாள் தவறினால் எல்லாம் போயிற்று என்று கருத வேண்டியதில்லை. அதே ஆய்வில், இடையே ஒரு நாள் விடுபட்டது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்கவில்லை. நடைப்பயிற்சி ஒரு நாள் தவறியது கேடன்று. தவறிவிட்டதே என்று அடுத்த வாரம் முழுவதும் விட்டுவிடுவதுதான் கேடு.

மூன்றாவது, இலக்குக்கு ஒரு முகம் வேண்டும். இந்தியக் கிராமப்புறத்துக் கூலித் தொழிலாளர் குடும்பங்களிடம் திலீப் சோமன், அமர் சீமா என்னும் ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வு 2011இல் வெளியானது. சேமிப்புக்கென ஒதுக்கிய பணம் உறையில் இட்டு ஒட்டித் தரப்பட்டது. சில உறைகளின் மேல் அந்தக் குடும்பத்துக் குழந்தைகளின் படம் இருந்தது. படம் இருந்த உறைகளை வைத்திருந்தவர்கள் கூடுதலாகச் சேமித்தார்கள். வெறும் உறையைப் பிரிப்பது எளிது. பிள்ளையின் முகத்தைக் கிழித்துப் பணம் எடுக்கக் கை தயங்குகிறது.

நம் இல்லத்தில் இன்றே

இவற்றையெல்லாம் அன்றாட வாழ்வில் எவ்வாறு கைக்கொள்வது?

சம்பளம் வரவாகும் நாளுக்கு மறுநாளே சேமிப்புத் தொகை தானாகப் பிரிந்து செல்லுமாறு வங்கியில் நிலை அறிவுறுத்தல் கொடுத்துவிடலாம். மாதக் கடைசியில் மிஞ்சுவதைச் சேமிக்க நினைத்தால் எதுவும் மிஞ்சாது. முதலில் பிரித்துவிட்டால், மீதத்துக்குள் குடும்பம் நடத்த மனம் பழகிக்கொள்ளும்.

அட்டைகளுக்கும் இணையவழிச் செலவுக்கும் எல்லை வகுத்துக்கொள்ளலாம். ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி, அட்டைப் பரிவர்த்தனைகளைத் தேவைக்கேற்ப நிறுத்தவும் தொடங்கவும், அவற்றின் உச்சவரம்பை மாற்றியமைக்கவும் வாடிக்கையாளர்களுக்கு வசதி அளிக்கப்பட வேண்டும். 2020 அக்டோபர் முதல் இது நடைமுறையில் உள்ளது. மோசடியைத் தடுப்பதற்காக வந்த இந்த வசதி, நள்ளிரவுக் கொள்முதலுக்கும் ஒரு பூட்டாகப் பயன்படும். வரம்பை உயர்த்தச் செலவாகும் அந்த இரண்டு நிமிடத்தில், பல ஆசைகள் தாமே அடங்கிவிடும்.

எண்ணத்தை நேரத்தோடும் இடத்தோடும் இணைத்துச் சொல்லிக்கொள்ளலாம். 'உடற்பயிற்சி செய்வேன்' என்பது ஓர் ஆசை. 'காலையில் காப்பி குடித்து முடித்தவுடன் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை நடப்பேன்' என்பது ஓர் ஏற்பாடு. இவ்வாறு 'இது நிகழ்ந்தவுடன் இதைச் செய்வேன்' என்று முடிவுசெய்து கொள்வதன் பயனை ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் ஆராய்ந்தார். அவரும் இணை ஆய்வாளரும் 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இம்முறை இலக்கை எட்டப் பெரிதும் துணைபுரிவது தெரியவந்தது.

வைப்பைத் தொடங்கும் நாளிலேயே, எதற்காக மட்டும் அதை இடையில் முடிக்கலாம் என்பதைக் குடும்பத்தார் கூடிப் பேசி ஒரு தாளில் எழுதி, வைப்புச் சீட்டோடு வைத்துக்கொள்ளலாம். மருத்துவச் செலவு, வேலை இழப்பு என்று அப்பட்டியல் இரண்டு மூன்று வரிகளில் முடியட்டும். அவசரம் எது, ஆசை எது என்பதை அமைதியான நாளில் முடிவு செய்வதே நல்லது. கடை வாசலில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். வரவு அடிப்படைத் தேவைக்கே போதாத குடும்பத்திடம், உங்களுக்கு மன உறுதி இல்லை என்று கூறுவது பொருந்தாது, அறமும் ஆகாது. அவர்களின் இடர்ப்பாடு அடக்கமின்மையால் வந்ததன்று. அதனால்தான் உடுப்பித் திட்டத்தில் 'குறைந்தது இரண்டணா' என்ற எல்லை பொருள் நிறைந்ததாகிறது. இயலாத தொகையை அது கேட்கவில்லை. இயன்ற தொகையைத் தவறாமல் கேட்டது. மாதம் 5,000 ரூபாய் என்று தொடங்கி மூன்றாம் மாதம் நிறுத்துவதைவிட, 500 ரூபாய் என்று தொடங்கி ஐந்தாண்டு நிறைவு செய்வது மேல். தொகையைப் பின்னர் உயர்த்திக்கொள்ளலாம். தன் சொல்லில் தனக்கு உண்டாகும் நம்பிக்கையை வளர்ப்பதற்குத்தான் காலம் வேண்டும்.

வாசலில் யார்?

வாசலுக்கு வந்து சில்லறை கேட்கும் முகவரை இன்று நம்மில் பலர் பார்ப்பதில்லை. மாறாக, நம்மைச் செலவழிக்கத் தூண்டும் முகவர்கள் நாள் முழுவதும் நம் சட்டைப்பையிலேயே இருக்கிறார்கள். தள்ளுபடி இன்றோடு முடிகிறது என்று அவர்கள் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை மணியடிக்கிறார்கள். சலிப்பில்லாமல் மீண்டும் மீண்டும் வந்து நிற்பதன் வலிமையை அவர்களும் அறிவார்கள்.

அவர்களோடு ஒவ்வொரு முறையும் வாதாடி வெல்ல நம்மால் இயலாது. இயல வேண்டிய தேவையும் இல்லை. நம் பக்கத்திலும் ஒரு முகவரை அமர்த்திக்கொண்டால் போதும். நிலை அறிவுறுத்தலாகவோ, பூட்டிய வைப்பாகவோ, கதவருகே எடுத்து வைத்த செருப்பாகவோ, பிள்ளையின் படம் ஒட்டிய உறையாகவோ அவர் இருக்கலாம். நமக்கு உற்சாகம் இருக்கும் நாளிலும் இல்லாத நாளிலும் அவர் ஒரேபோல் வந்து நிற்பார்.

அவருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதை இன்று மாலை வீட்டில் கலந்து பேசுங்கள். இரண்டணாவே போதும் என்றாலும் தவறில்லை. நாளையும் கொடுக்க முடியும் என்ற தொகையாக அது இருக்கட்டும்.